மீட்டர் யார் பேரில்

நபவிய்யாவைப் பற்றி யாராவது நல்லபடியாகப் பேசினால் எனக்குக் கொஞ்சம் பொறாமை வரும். கெட்டதாகப் பேசினால் கோபம் வரும். எதிரெதிர் வீடு என்றால் அப்படித்தான். ஷுப்ரா அல்கைமாவில் பஞ்சாலைக்குப் பின்னால் இருக்கிற எங்கள் சந்து எவ்வளவு குறுகல் என்றால், அவள் வீட்டில் வெங்காயம் வதக்கினால் என் கண்ணில் தண்ணீர் வரும். நான் சந்து முனையில், ரொட்டிக் கடை ஜன்னலுக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துக் கீரை விற்கிறவள். உம்மு ஹாஸிம், அதாவது ஹாஸிமின் அம்மா என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதை என் புருஷனே மறந்துவிட்டார்.

நபவிய்யாவுக்கு உடம்பு கனம், நடை மெதுவு. கைவேகம் மட்டும் யாருக்கும் வராது. பிஞ்சுச் சுரைக்காய்களைக் குடைந்து, திராட்சை இலையில் அரிசி வைத்துச் சுருட்டி, வேலைக்குப் போகிற பெண்களுக்கு விற்பாள். அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் வேகவைத்துவிட்டு, 'நானே செய்தேன்' என்று மாமியாரிடம் சொல்லிக்கொள்வார்கள். அவள் புருஷன் மித்வல்லி பஞ்சாலையில் நூல் பிரிவில் இருந்தவர். நெஞ்சில் பஞ்சுத் தூசி அடைத்தே போய்ச் சேர்ந்தார். ஒரே மகள் ரீஹாம். கட்டிக்கொடுத்த இடத்தில் அடி தாங்காமல் விவாகரத்து வாங்கிக்கொண்டு இரண்டு பிள்ளைகளோடு அம்மாவிடமே வந்துவிட்டாள். ஒரு மருத்துவமனையில் தரை துடைக்கிறாள்.

அவர்கள் இருக்கிற வீடு மித்வல்லியின் அப்பா தன் சொந்த வயலில் கட்டியது. பத்திரம் கிடையாது, அனுமதி கிடையாது. எங்கள் சந்தில் எந்த வீட்டுக்கும் கிடையாது. செங்கல் வாங்கக் காசு சேர்ந்தால் ஒரு மாடி எழும்பும், சேராவிட்டால் கம்பி மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கும். கீழ்வீட்டில் நபவிய்யா, மேல்வீட்டில் அவள் கொழுந்தன் தசூக்கி. மீன் வியாபாரி. எப்போதும் சிரித்த முகம். சிரிக்கிற ஆம்பளையை நான் எப்போதும் ஒரு கண் வைத்துத்தான் பார்ப்பேன், அது என் சுபாவம்.

இந்த மாதிரி வீடுகளில் ஒரு வீடு யாருடையது என்பதற்கு ஒரே அத்தாட்சிதான் உண்டு. மின்சார ரசீது. அதில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் வீட்டுக்காரர். நீதிமன்றத்துக்குப் போனாலும் அந்த ரசீதைத்தான் முதலில் கேட்பார்கள். அந்த வீட்டுக்கு ஒரே மீட்டர், மித்வல்லியின் பெயரில் இருந்தது. அதற்குப் பிறகு அனுமதி இல்லாத வீடுகளுக்குப் புது மீட்டர் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அதனால் தசூக்கி கீழேயிருந்து ஒரு வயரை இழுத்து மேலே கொண்டுபோய்க்கொண்டார். மாதா மாதம் பில்லில் பாதியை ஒழுங்காகக் கொடுத்துவிடுவார், அதில் குறை சொல்ல மாட்டேன்.

மித்வல்லி இறந்து நாற்பதாம் நாள் முடிந்ததும் தசூக்கி கீழே வந்து, "மதினி, நீங்களும் பொண்ணும் எத்தனை நாள் வேணும்னாலும் இங்கயே இருந்துக்கோங்க" என்றார். நல்ல வார்த்தைதான். கேட்ட எல்லோரும் தலையாட்டினோம். ஆனால் நபவிய்யா அன்று சாயங்காலம் என்னிடம் வந்து, "இருந்துக்கோங்கன்னா என்ன அர்த்தம்? அது வீட்டுக்காரன் குடித்தனக்காரிகிட்ட சொல்ற வார்த்தையில்ல?" என்று கேட்டாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்த வாரமே இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு மின்சார ஆபீஸுக்குப் போய் மீட்டரைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு வந்தாள்.

எங்கள் சந்தில் அப்படி யாரும் செய்தது கிடையாது. புருஷன் போனால் மீட்டர் புருஷன் பேரிலேயே ஓடும், மாமனார் போனால் மாமனார் பேரிலேயே ஓடும். அதை மாற்றப் போய் வரிசையில் நின்று அவமானப்படுவானேன் என்று விட்டுவிடுவோம். எங்கள் வீட்டு மீட்டர் என் புருஷனுடைய தாத்தா பேரில் இருக்கிறது. எங்கள் சந்தில் விளக்குப் போடுகிறவர்கள், விசிறி சுழற்றுகிறவர்கள் எல்லாரும் மண்ணுக்குள் இருக்கிறவர்கள்தான். உயிரோடு இருந்துகொண்டு கரண்ட் செலவு செய்கிற ஒரே ஆள் நபவிய்யா. ரசீதில் தன் பெயரைப் பார்த்து அவள் எவ்வளவு பூரித்தாள் என்று எனக்குத் தெரியும். படிக்காத பெண்களுக்கும் விரலை வைத்து, "இதோ பாரு, இது நான்" என்று காட்டினாள். நான் உள்ளுக்குள் வயிறெரிந்தேன்.

பிறகு தசூக்கிக்கு வியாபாரம் வளர்ந்தது. மேல்வீட்டுக்கு மீன் போடுகிற பெரிய உறைபெட்டி ஒன்று வந்தது. கொஞ்ச நாளில் அதற்குத் துணையாக இன்னொன்று. அப்புறம் மாடிப்படித் திருப்பத்தில் மூன்றாவது. நபவிய்யா கேட்டதற்கு, "கூடுதல் கரண்டுக்கு நான்தானே மதினி காசு தர்றேன்" என்றார். தந்தார். காசு வந்த பிறகு என்ன பேச முடியும்? யூனிட் ஓடுவதெல்லாம் அவள் பெயரில்தான் என்று அப்போது யாருக்குத் தோன்றியது?

ரேஷன் கார்டுகளைச் சல்லடை போடப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தபோது எங்கள் சந்தே சிரித்தது. என் புருஷன் காப்பிக் கடையில் கேட்டுவந்து விதிகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். புதுக் கார் வைத்திருப்பவனுக்குக் கார்டு இல்லை. வெளிநாட்டுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை படிக்கிறவனுக்கு இல்லை. போன் பில் மலை மாதிரி வருகிறவனுக்கு இல்லை. நாங்கள் கைகொட்டிச் சிரித்தோம். "நல்லா வெட்டட்டும், பணக்காரனுங்க நம்ம ரொட்டியைத் தின்னுட்டு இருந்தானுங்க" என்று நானே சொன்னேன். கார்டுக்காரர் பேரில் ஓடுகிற மின்சாரமும் அளவுக்கு மேல் போகக் கூடாது என்று கடைசியில் ஒன்று சொன்னார். அதை யாரும் காதில் வாங்கவில்லை. ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்துக் கடைசியில் மனுஷனைக் கடிக்கும் என்பது தெரியாதா எங்களுக்கு? தெரியும். ஆனாலும் சிரித்தோம்.

ஒரு நாள் காலை. ரொட்டிக் கடைப் பையன் ரிஸ்க் ஜன்னலில் நின்றுகொண்டு ஒவ்வொரு கார்டாக மெஷினில் செருகி ரொட்டியைத் தள்ளிக்கொண்டிருந்தான். நபவிய்யா முறை வந்தது. அவள் கார்டில் நாலு பேர், ஆளுக்கு ஐந்து ரொட்டி. மெஷின் சின்னச் சீட்டு ஒன்றைத் துப்பியது. ரிஸ்க் அதைப் படித்துவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டான். வயதான பெண்களை மரியாதைக்கு ஹாஜ்ஜா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள்.

"ஹாஜ்ஜா, கார்டு நின்னுபோச்சு. ரேஷன் ஆபீஸைப் பாருங்கன்னு வந்திருக்கு."

"மெஷின் சரியில்லையா பாரு, ரிஸ்க்."

"மெஷின் நல்லாத்தான் ஹாஜ்ஜா இருக்கு. உங்களுக்கு முன்னாடி பத்துப் பேருக்குக் கொடுத்துச்சே."

பின்னால் வரிசையில் நின்றவள் ஒருத்தி, "அவங்க வீட்ல யாரோ கார் வாங்கிட்டாங்க போல" என்று சிரித்தாள். நபவிய்யா திரும்பிப் பார்க்காமல் காலித் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். ரொட்டி ஆறவைப்பதற்காக எல்லோரும் கொண்டுவருகிற ஈச்சங்குச்சித் தட்டு. ஊரெல்லாம் நிறைத் தட்டோடு திரும்பும்போது ஒருத்தி மட்டும் வெறும் தட்டோடு போவது எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும். அந்த வரிசைக்காரியை நான் பேசிய பேச்சு இங்கே எழுதத் தக்கதல்ல.

ரேஷன் ஆபீஸுக்கு அவளோடு நானும் போனேன். அங்கே ஜன்னலுக்குப் பின்னால் மேடம் நாஹித் என்று ஒரு அம்மா. கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். அலுத்துப்போனவள். அலுத்துப்போன ஆளிடம் நியாயம் கேட்பது கெட்டவனிடம் கேட்பதைவிடக் கஷ்டம். கம்ப்யூட்டரைப் பார்த்தாள், பிறகு நபவிய்யாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"வீட்ல எத்தனை ஏசி, ஹாஜ்ஜா?"

"ஒரு ஃபேன் இருக்கும்மா. அதுவும் ஒரே பக்கம் பாத்துட்டு நிக்கும், தலையாட்டாது."

"ஒரு ஃபேனா இவ்வளவு யூனிட் இழுக்குது? பங்களாக்காரங்களே இவ்வளவு எரிக்கறதில்ல."

"மேல கொழுந்தன்..." என்று நபவிய்யா ஆரம்பித்தாள். நான் அவள் முதுகில் கிள்ளினேன். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

மேடம் நாஹித் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டாள். அந்த ஒரு உபகாரத்துக்காக அவளை நான் மன்னித்துவிட்டேன். "மின்சார ஆபீஸ்ல போய், சில மாச சராசரி அளவுக்குள்ள இருக்குன்னு சான்று வாங்கிட்டு வாங்க. கொண்டுவந்தா கார்டு ஓடும். இல்லன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அடுத்தது!"

மின்சார ஆபீஸில் ஒரு இளம் பொறியாளர். முகத்தைப் பார்த்தால் இன்னும் அம்மா கையால் சாப்பிடுகிற பையன். நபவிய்யா கணக்கைச் சொல்லச் சொல்ல அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"அத்தை, நான் ஒண்ணு கேப்பேன், நீங்க பதில் சொல்லாதீங்க. உங்க மீட்டர்லேர்ந்து வேற யாருக்காவது லைன் போகுதா? வேண்டாம், சொல்லாதீங்க. சொன்னா நான் எழுதணும். எழுதினா கரண்ட் கடத்தினதா கேஸ், அபராதம், மீட்டரைக் கழட்டிடுவாங்க. வீட்டுக்கு அனுமதி இல்ல, திரும்ப மீட்டர் கிடைக்காது. மொத்த வீடும் இருட்டு."

"அப்ப நான் என்ன பண்ணட்டும், மகனே?"

"யூனிட்டைக் குறைங்க. நாலஞ்சு மாசம் குறைஞ்சு வந்தா நானே சான்று எழுதித் தர்றேன்."

"குறைக்கறது என் கையில இல்லயே."

"அது எனக்குத் தெரியாது, அத்தை. நீங்க என்கிட்ட எதுவும் சொல்லவே இல்ல."

வெளியே வந்து நபவிய்யா பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துவிட்டாள். உண்மையைச் சொன்னால் விளக்கு போகும், சொல்லாவிட்டால் ரொட்டி போகும். இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அந்த எறும்பை அன்றைக்கு நான் கண்ணால் பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "என் பேரை எழுதணும்னு நான்தானே போய் வரிசையில நின்னேன்" என்று மட்டும் சொன்னாள்.

விஷயம் கேட்டு என் புருஷன் ஒரு யோசனை சொன்னார். "மீட்டரை மித்வல்லி பேருக்கே திருப்பி மாத்திடச் சொல்லு. அவன் ரொட்டி திங்கறதில்லயே." அவருக்கு அது நகைச்சுவை. ஆனால் நபவிய்யா அதையும் போய்க் கேட்டாள். செத்தவர் பேருக்கு மாற்ற முடியாதாம். செத்தவர் பேரில் இருந்தால் இருக்கலாம், புதிதாக மாற்ற முடியாது. சட்டம் போடுகிறவர்கள் நல்ல வேடிக்கைக்காரர்கள்.

அன்று சாயங்காலம் அவள் மேல்வீட்டுக்குப் போனாள். ஜன்னல் திறந்திருந்தது, நான் எதிரே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். காய்ந்த துணியைத்தான் காயப்போட்டேன், அதை ஒத்துக்கொள்கிறேன்.

"தசூக்கி, நாலஞ்சு மாசத்துக்கு ரெண்டு பெட்டியை நிறுத்து. கார்டு திரும்பினதும் ஓட்டிக்கோ."

தசூக்கியின் பெண்டாட்டி கரீமா உள்ளேயிருந்து வந்தாள். நபவிய்யாவுக்கு ஓரகத்தி. ஓரகத்திக்கு உள்ள நாக்கு அவளுக்கும் உண்டு. "நிறுத்தினா மீன் அழுகும். அழுகின மீனை நீங்க வாங்கிக்கிறீங்களாக்கா? உங்க பேரப்புள்ளைங்க வயிறு வயிறு, எங்க புள்ளைங்க வயிறு என்ன மண்ணுப்பானையா?"

"நீ சும்மா இரு" என்றார் தசூக்கி. அவர் குரலில் கோபமே இல்லை. "மதினி, நான் ஒரு வழி சொல்றேன். எனக்குத்தான் கார்டே கிடையாதே. கடை வச்சிருக்கேன்னு அப்பவே வெட்டிட்டாங்க. மீட்டரை என் பேருக்கு மாத்திடுங்க. எவ்வளவு யூனிட் ஓடினாலும் என் தலையில போகட்டும். எனக்குப் போறதுக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்கு ரொட்டி வரும். இதுல யாருக்கு நஷ்டம்?"

நானும் யோசித்துப் பார்த்தேன். ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. அவ்வளவு நியாயமாக இருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அந்த மனுஷன் நல்ல மனசோடு சொன்னாரா, காத்திருந்து சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நபவிய்யாவுக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் ஒன்று நம்பியிருப்பாள், அல்லது சண்டை போட்டிருப்பாள். இரண்டும் முடியாமல், "யோசிச்சுச் சொல்றேன்" என்று இறங்கி வந்துவிட்டாள்.

யோசித்தபடியே கோடை முழுவதும் போயிற்று. வெளிக்கடை ரொட்டி விலை வேறு, அளவும் சின்னது. முதலில் அவள் தன் ரொட்டியை நிறுத்தினாள். 'அரிசி சாப்பிட்டால்தான் வயிறு ஒத்துக்கொள்கிறது' என்றாள். நாற்பது வருஷமாக ரொட்டியில்லாமல் அவித்த மொச்சையைத் தொடாதவள். நான் எங்கள் பங்கிலிருந்து கொஞ்சம் ரொட்டி கொடுத்தனுப்பினேன். மறுநாள் அதே பை திரும்பி வந்தது, உள்ளே சுருட்டிய திராட்சை இலை. விற்றால் அந்த இலைக்கு நான் கொடுத்த ரொட்டியைப்போல் மூன்று மடங்கு கிடைக்கும். போய்ச் சத்தம் போட்டேன்.

"உனக்குக் கொடுக்கவும் விடமாட்டியா? இது என்ன திமிரு?"

"வெறும் பையை எப்படி அனுப்பறது, உம்மு ஹாஸிம்?"

அதோடு நான் கொடுப்பதை நிறுத்தினேன். கொடுத்தால் அவளுக்குத்தான் நஷ்டம். இப்படி ஒரு பெண்ணை எந்த விதியில் சேர்ப்பது என்று அந்த ஆபீஸ்காரர்களைத்தான் கேட்க வேண்டும்.

ரீஹாமுக்குப் பொறுமை போய்விட்டது. வேலையிலிருந்து வருவாள், பிள்ளைகள் ரொட்டிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சந்து முழுக்கக் கேட்கும்படி வெடித்தாள்.

"சித்தப்பாதான் மாத்திக்கறேன்னு சொல்றார்ல? மாத்திக் கொடுத்தா என்னம்மா? மீட்டரைப் புழிஞ்சா குடிக்கறது?"

"அந்த மீட்டர் போச்சுன்னா இந்தச் செவுரு நம்மதுன்னு சொல்ல நம்மகிட்ட எதுவும் இல்லடி."

"செவுரு இருக்கு, ரொட்டி இல்ல. செவுத்தை என் புள்ளைங்க நக்கட்டுமா? சரி, நான் ஒண்ணு பண்றேன். அவன்கிட்டயே திரும்பிப் போறேன். அவன் கார்டு ஓடுது. புள்ளைங்க பேரை அதுல சேத்துடுவான். அடிப்பான், அவ்வளவுதானே? அடி வாங்கின உடம்புதானே இது?"

ரீஹாம் புருஷன் வீட்டிலிருந்து வந்த அன்று அவள் தோளுக்கு மருந்து போட்டவள் நான். அவள் வெறும் மிரட்டலுக்குச் சொல்கிற பெண் இல்லை. அன்றே தன் துணிகளை எடுத்து மடித்து வைத்துவிட்டாள் என்று நபவிய்யா என்னிடம் வந்து சொன்னாள். சொல்லிவிட்டு என் அடுப்பங்கரையில் நின்றபடியே இருந்தாள், உட்காரவில்லை.

"நாளைக்கு தசூக்கியோட மின்சார ஆபீஸுக்குப் போறேன்" என்றாள்.

"போகாதே. ரீஹாம் எங்கயும் போகமாட்டா. நான் பேசறேன் அவகிட்ட."

"பேசி? ரொட்டிக்கு என்ன சொல்லுவே?"



மின்சார ஆபீஸில் அதே பையன்தான் இருந்தானாம். இந்த முறை அவன் கதவைச் சாத்தவில்லை. உயிரோடு இருக்கிற ஒருத்தர் பேரிலிருந்து இன்னொருத்தர் பேருக்கு மாற்ற வேண்டுமானால், வீடு அந்த இன்னொருத்தருடையது என்று காகிதம் வேண்டும், அது இல்லாமல் விதியில் இடமில்லை என்றான். 'சும்மா மாற்றிக்கொள்கிறோம்' என்பதெல்லாம் செல்லாதாம். தசூக்கி அதற்கும் சிரித்துக்கொண்டே வழி சொன்னார்.

"ரொம்பச் சுலபம் மதினி. நீங்க எனக்குக் கீழ்வீட்டை வித்ததா ஒரு காகிதம். நான் உங்களுக்கு வாடகைக்கு விட்டதா இன்னொரு காகிதம். அதை ரேஷன் ஆபீஸ்லயும் காட்டலாம், வாடகைக்காரின்னா உடனே கார்டு கொடுப்பாங்க. வெறும் காகிதம்தான். வாடகை யார் கேக்கப்போறா? என் அண்ணனைப் புதைச்ச கபுரு மேல சத்தியம்."

சாட்சிக் கையெழுத்துக்கு என் புருஷனைக் கூப்பிட்டார். நான் விடவில்லை. வாசலில் குறுக்கே நின்று, "எங்க வீட்டு ஆம்பளை கையெழுத்து அந்தக் காகிதத்துல விழுந்தா இந்த வீட்ல அடுப்பு எரியாது" என்றேன். தசூக்கி தோளைக் குலுக்கிவிட்டுக் காப்பிக் கடையிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டார். நான் நபவிய்யாவின் கையைப் பிடித்துத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன்.

"வேண்டாம்டி. கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. இடத்தைக் கொடுத்தா மடத்தைப் பிடுங்குவான். வயல் அவங்க அப்பாவோடது, இப்ப காகிதமும் அவனோடது. அப்புறம் உனக்கு என்ன இருக்கு?"

அவள் என் கையை மெல்ல விலக்கினாள். "உம்மு ஹாஸிம், உன் வீட்ல கார்டு ஓடுது" என்றாள்.

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. ஆனால் அவள் சொன்னதில் பொய் இல்லை. என் புருஷனுடைய தாத்தா கபுருக்குள் இருந்துகொண்டு எங்கள் ரொட்டியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். நான் யாருக்குப் புத்தி சொல்வது?

மருந்துக் கடை மாடியில் இருக்கிற வக்கீலிடம் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். மீட்டர் மாறியது. மேடம் நாஹித் வாடகைக் காகிதத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாளாம். விதவை, விவாகரத்தான மகள், பேரப்பிள்ளைகள், சொந்த வீடு இல்லை, மீட்டர் இல்லை. எல்லாக் கட்டத்திலும் அழகாகப் பொருந்திவிட்டது. "முன்னாடியே இதைக் கொண்டுவந்திருக்கலாம்ல, ஹாஜ்ஜா? எவ்வளவு அலைச்சல்!" என்று கரிசனமாகக் கேட்டாளாம். நபவிய்யா அவளுக்கு நன்றி சொன்னாள். ரீஹாமின் மடித்து வைத்த துணிகள் அலமாரிக்குத் திரும்பின. அதற்காக நான் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன், மனசாரத்தான் சொன்னேன்.

கார்டு ஓட ஆரம்பித்த அன்று நபவிய்யா வந்தாள். ரிஸ்க் கார்டைச் செருகினான், மெஷின் ஒழுங்காகச் சீட்டு கொடுத்தது. அவன் சந்தோஷத்தில், "மப்ரூக் ஹாஜ்ஜா, வாழ்த்துகள்!" என்று கத்தினான். அவள் தட்டில் ரொட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, என் கீரைச் சாக்குக்குப் பக்கத்தில் ஆறவைத்துவிட்டு உட்கார்ந்தாள். எனக்கு அவள் வந்து உட்கார்ந்ததே பெரிதாக இருந்தது. அந்தக் கையெழுத்து விஷயத்துக்குப் பிறகு நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

"நேத்து உங்க வீட்ல என்ன சத்தம்? எதையோ இழுத்தாங்களே?" என்று கேட்டேன்.

"ரெண்டு மீன் பெட்டியைக் கீழே இறக்கிட்டாங்க. முன்னறையில வச்சிருக்கு. மாடிப்படி தாங்காதாம்."

"உன்கிட்ட கேட்டாரா?"

"நான் சுரைக்காய் குடைஞ்சுட்டு இருந்தேன். ரெண்டு ஆளுங்க பெட்டியோட வந்தாங்க. பின்னாடியே தசூக்கி வந்து, காலைக் கொஞ்சம் எடுத்துக்கோங்க மதினின்னான். எடுத்துக்கிட்டேன்."

"அப்ப ரீஹாமும் புள்ளைங்களும் எங்க படுக்கறாங்க?"

"உள்ளறையில என்னோட."

கீரைக்கட்டைத் தூக்கி எறிந்தேன். "நீ வாயில்லாப் பூச்சியா? போய்க் கத்து! வெளியே தூக்கிப் போடுன்னு சொல்லு! நான் வர்றேன், சந்தே வரும். என் வீட்ல இதுக்கெல்லாம் இடமில்லன்னு சொல்லு!"

"எந்த வீட்ல?" என்றாள்.

ஜன்னலில் ரிஸ்க் அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நபவிய்யா ஒவ்வொரு ரொட்டியாகத் தொட்டுப் பார்த்து, சூடு இறங்கியதை எடுத்து அடுக்கித் துணியில் சுற்ற ஆரம்பித்தாள். குனிந்தபடியே சுற்றி முடித்து, முடிச்சும் போட்ட பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"அவங்க கேட்டது ஒண்ணுதான், உம்மு ஹாஸிம். நீ ஏழைதானான்னு நிரூபிக்கச் சொன்னாங்க. நிரூபிச்சுட்டேன்."